கல்யாண மண்டபத்து மலை

தொண்ணூறுகளில், நாற்பது வயதில், எனக்குப் பொம்மை ரயில் பைத்தியம் பிடித்தது. தண்டவாளம் போடும் மேசைக்குக் கஷ்டமில்லை. நான் வேலை பார்த்த பம்ப்செட் கம்பெனியில் பழைய பேக்கிங் பெட்டிப் பலகைகளை எடைக்குக் கொடுத்தார்கள். ரயில் ஏற மேட்டுப்பாளையத்துக்கு மேலே இருப்பதுபோல ஒரு மலை வேண்டும். அதற்குத் தெர்மகோல் கேட்டால், கடைக்காரர் நிஜ மலைக்கே விலை சொன்னார்.

முகூர்த்தம் முடிந்ததும் மேடை அலங்காரத் தெர்மகோலைக் குப்பையில்தான் போடுவார்கள் என்று ஞாபகம் வந்தது. முன்பின் தெரியாத ஒரு கல்யாணத்துக்குப் பின்வாசல் வழியாகப் போனேன். ஜிகினா ஒட்டிய அட்டைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பும்போது பெண்ணின் அப்பா எதிரே வந்துவிட்டார். வெட்கத்தோடு உள்ளதைச் சொன்னேன்.

“அதை எல்லாத்தையும் எடுத்துக்குங்க. ஆனா சாப்புடாமப் போகக் கூடாதுங்க” என்று கையைப் பிடித்துப் பந்தியில் உட்கார வைத்தார்.

சாப்பிட்ட பிறகு மொய் எழுதாமல் வர மனசு வரவில்லை. எழுதினேன். அந்தப் பணத்துக்குக் கடையிலேயே புதுத் தெர்மகோல் வாங்கியிருக்கலாம் என்று பஸ்ஸில்தான் உறைத்தது.

ஆனாலும் அடுத்த முகூர்த்த நாளில் வேறொரு மண்டபத்துக்குப் போனேன். இந்தத் தடவை முன்வாசல் வழியாகவே. மலையில் சுரங்கப்பாதை பாக்கி இருந்தது.