வீட்டு வரி இல்லாத செல்லூர்

இன்னைக்குக் காலையில, மாப்ள, எங்க செல்லூர்த் தெருவுக்கு, தேர்தல்ல நிக்கிற வக்கீல் ஐயா ஓட்டுக் கேட்டு வந்தாரு. தறியெல்லாம் நின்னதும் பேச ஆரம்பிச்சாரு.

"நான் ஜெயிச்சா நெசவாளிக்கு வீட்டு வரியே கிடையாது. பங்களாக்காரங்க கட்டட்டும்!"

தெருவே கை தட்டுச்சு. நானும் பலமாத் தட்டினேன்.

அவருக்கு மோர் கொண்டாந்த என் சம்சாரம் மட்டும் தட்டல.

"ஐயா, வெள்ளைக்காரன் சட்டத்துல வரி கட்டுறவுகளுக்குத்தானே ஓட்டு? இவுக வீட்டு வரி கட்டுறதால இவுகளுக்கு ஒரு ஓட்டு. இவுக சம்சாரம்ங்கிறதால எனக்கும் ஒண்ணு. வரியவே எடுத்துட்டா ரெண்டும் போயிருமே?"

வக்கீல் ஐயா மோர்ச் செம்பை வாங்கிக்கிட்டாரு.

"அதை ஜெயிச்ச பிறகு பார்த்துக்கலாம்மா."

"ஓட்டில்லாத தெருவுக்கு அப்புறம் எதுக்கு ஐயா வரப் போறீக? மோரைக் குடிங்க."

பாவம், சிரிச்சுட்டாரு. மோரையும் மிச்சம் வைக்கல.

அவரு போனதும் நேரா முனிசிபல் ஆபீஸுக்குப் போயி இந்த வருஷ வரியக் கட்டிட்டு வாரேன். இம்புட்டுச் சந்தோஷமா நான் வரி கட்டுனதே இல்ல.

அது சரி மாப்ள, உங்க தெருவுல எதை எடுக்குறேன்னு சொன்னாரு?