நிக்கருக்கு மேல் முண்டு

காலேஜ் இரண்டாம் வருடத்தில் எனக்கும் அப்பாவுக்கும் வந்த பெரிய சண்டை என் சைக்கிள் நிக்கரைப் பற்றியது. ரேஸ் சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. யூனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுப்பதற்குள், லீவு நாளெல்லாம் கல்லாறு வரை மிதித்து, பொன்முடி மலை ஏற்றத்துக்குக் காலைப் பழக்கியாக வேண்டும். அதைச் சுரிதாரில் செய்ய முடியாது. தொடையைக் கவ்விப் பிடிக்கிற அந்தக் கறுப்பு நிக்கரைப் பார்த்ததும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவருக்குக் கோட்டைப் பக்கம், பெரிய கோயில் வாசலில் முண்டுக் கடை; வேட்டிக்கு எங்கள் ஊரில் முண்டு என்றுதான் பெயர். அந்தக் கோயிலுக்குள் பேன்ட்டும் சுரிதாரும் வெளியே தெரியக்கூடாது. வெளியூர்க்காரர்கள் கடை வாசலில் நின்று, போட்டிருப்பதற்கு மேலேயே ஒரு முண்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே போவார்கள். கடைசியில் எனக்கும் அந்த வழியையே கண்டுபிடித்தார்.

"மக்ளே, இதச் சுத்திக்கிட்டுப் போ. தெரு தாண்டினப்பொறவு அவுத்துக்கோ. சாமிக்கே இது போதும், நம்ம தெருக்காரனுக்குப் போதாதா?"

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனாலும் அவர் அவ்வளவு இறங்கி வந்ததே பெரிசு. முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டுவேன். தெருமுனையில் அவிழ்த்து முதுகுப் பையில் திணித்துக்கொள்வேன்.

ஒரு நாள் எழுந்திருக்க நேரமாகிவிட்டது. கூட மிதிக்கிற கூட்டாளிகள் பழவங்காடிக்கு அப்பால் காத்திருந்தார்கள். நின்று அவிழ்க்கச் சோம்பல்பட்டு அப்படியே மிதித்தேன். பழவங்காடிப் பிள்ளையார் கோயில் திருப்பத்தில் மடிப்பு அவிழ்ந்து முண்டின் நுனி செயினில் மாட்டியது. அது சக்கரத்தோடு போனது, நான் தார் ரோட்டில் கிடந்தேன். பூக்கடைக்காரிகள், கோயிலுக்கு வந்தவர்கள், எல்லாரும் பார்த்தார்கள். முழங்கால் தோலுரிந்து ரத்தம் வந்துகொண்டிருக்க, என் கை நிக்கரைத்தான் கீழே இழுத்தது. சனியன், எவ்வளவு இழுத்தாலும் இறங்குகிற சாமானா அது.

கடை திறக்குமுன் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பது அப்பாவின் வழக்கம். கையில் தேங்காயோடு அங்கேதான் நின்றார். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பக்கத்துக் கடைக்குப் புதிதாக வந்திருந்தவர் அவரிடம், "ஆராண்ணா ஆ பெண்ணு?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

"அறிஞ்ஞூடா" என்றார் அப்பா. தெரியாதாம். வீட்டில் பேசாத மலையாளத்தில் சொன்னார். பிறகு தேங்காயை உடைக்கத் திரும்பிவிட்டார்.

அந்த நிமிஷம் எனக்குக் கோபம் வரவில்லை. நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது. எங்கே ஓடிவந்து 'மக்ளே' என்று கூப்பிட்டுவிடுவாரோ, இந்தக் கோலத்தில் கிடப்பவள் இன்னாருடைய பெண் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடுமோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். ஒரு பூக்காரி சைக்கிளைத் தூக்கிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு, யாரோ ஒருத்தியைப் போல அவரைத் தாண்டிப் போனேன்.

கோபமெல்லாம் பொன்முடி ஏற்றத்தில் வந்தது. எப்போதும் என்னை முந்துகிற இரண்டு பையன்களை அன்றைக்குப் பின்னால் விட்டேன். அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

சாயங்காலம் அப்பா சீக்கிரமே வந்துவிட்டார். நான் நீளப் பாவாடையில் முழங்காலை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்க வேண்டியதையெல்லாம் நாக்கு நுனியில் வைத்திருந்தேன். அவர் எதிரே உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"காலைல பழவங்காடில ஒரு பிள்ளை சைக்கிள்லேருந்து விழுந்துட்டு. அது நீயில்லையே மக்ளே?"

நான்தான் என்றால் அவர் இனி என் முகத்தைப் பார்க்கமாட்டார். சைக்கிளை எடுக்கவும் விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள்.

"நான் இல்லப்பா. நான் அந்த வழியா போகல."

அப்பா தலையை நிமிர்த்தினார். அப்போதுதான் அவர் கண் சிவந்திருப்பதைப் பார்த்தேன்.

"அதானே. நீயா இருந்தா நான் பாத்துக்கிட்டு நின்னிருப்பேனா?"

"நின்னிருக்கமாட்டீங்கப்பா" என்றேன்.