கவட்டைப் பனை

என் மகளுடைய மாமியார் அமெரிக்காவுக்குப் போய்விட்டு வந்திருந்தார்கள். பாளையங்கோட்டையில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்கள். இளைய மகன் அங்கே வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு மறுநாள் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, சாப்பிட்டுக் கை கழுவியதும் செல்போனை எடுத்து எனக்குப் படம் காட்டினார்கள்.

சிவப்புப் பாறை. ஆறு அறுத்து அறுத்துப் பள்ளமாகிப்போன இடமாம். இரண்டு பக்கமும் சுவர் மாதிரி நிற்கிறது. வெயில் பட்ட இடமெல்லாம் செங்கல் சூளைக்குள் எட்டிப் பார்த்த நிறம்.

"பாத்தீங்களா மைனி? நம்ம பக்கம் இப்படி ஒண்ணு இருக்கா? ஆத்தையும் வாழையையும் விட்டா நமக்கு என்ன தெரியும்?" என்றார்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். டீச்சர் என்றால் இன்றைக்கும் எழுந்து நிற்கத் தோன்றும். அண்ணி முறைக்கு ஒருவரையொருவர் மைனி என்று கூப்பிட்டாலும், சம்பந்தியாகி ஒன்பது வருஷத்தில் "வாங்க மைனி, இன்னும் கொஞ்சம் போட்டுக்கிடுங்க மைனி" என்பதைத் தாண்டி அவர்களிடம் நான் பேசியது கொஞ்சம்தான். அன்றைக்கு என்னவோ வாயில் வந்துவிட்டது.

"இருக்கு மைனி. தெக்க செம்மணல் தேரிக்காட்டுல இருக்கு. நான் பாத்திருக்கேன்."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அங்கன ரெண்டு தலை உள்ள கவட்டைப் பனை ஒண்ணு நிக்கும். அந்தக் கவட்டையில நான் உக்காந்திருக்கேன்" என்று வேறு சொல்லிவிட்டேன்.

மகள் சிரிப்பை அடக்க முடியாமல் அடுக்களைக்குள் ஓடினாள்.

"பனை மேலயா? நீங்களா?" என்றார்கள் மைனி.

"ஒசரமில்ல மைனி. இடுப்பளவுதான் இருக்கும்."

"இடுப்பளவுல கவட்டையா! எந்தப் பனைக்கு மைனி?"

என் வீட்டுக்காரர் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கல்யாணமான புதிதில் தேரிக்கு அந்தப் பக்கம் இருந்த அவருடைய அக்கா வீட்டுக்குக் குறுக்குவழியாக நடந்து போனோம். காற்று கொண்டுவந்து கொட்டிய செம்மணலில் அந்தப் பனை கவட்டைக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் புதைந்து கிடந்தது. முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, அவர்தான் என்னைத் தூக்கி அதில் உட்கார வைத்தார். அந்த மனிதர் இப்போது மோரைக் குடித்துக்கொண்டே, "டீச்சரம்மாட்ட வாயக் குடுத்துட்டியேட்டி. இனி நீயாச்சு, ஒம் பனையாச்சு" என்றார்.

"நாளைக்கே போவோம். காட்டுங்க" என்றார்கள் மைனி. வீட்டுப்பாட நோட்டைக் கொண்டா என்று கேட்கிற குரல். நாற்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஆடிக்காற்றில் ஒரு மேடு கரைந்து இன்னொரு மேடு முளைக்கிற காடு அது. பனை இல்லையென்றால் ஒன்பது வருஷ மரியாதையும் ஒரே நாளில் போய்விடும்.

விடிந்ததும் கிளம்பினோம். மாப்பிள்ளை கார் ஓட்டினார். முட்டுவலி என்று என் வீட்டுக்காரர் வரவில்லை. ஆற்றங்கரை வாழையும் வயலும் பின்னால் போய், கால் மணி நேரத்தில் மண் பழுப்பாகி, அப்புறம் சிவப்பாகி, அதற்கப்புறம் சிவப்பைத் தவிர வேறு நிறமே இல்லை. மாப்பிள்ளை காரோடு நின்றுகொள்ள, நாங்கள் மூன்று பெண்களும் நடந்தோம். பனி விழுந்த மணலின் மேல்தோல் கால் வைத்ததும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. மயில் நடந்த தடம் கோலம் போட்டது போல ஒரு மேட்டில் ஏறி மறுபக்கம் இறங்கியிருந்தது. கொல்லாமரம் என்று நாங்கள் சொல்லும் முந்திரி மரங்களின் அடியில் மட்டும் கொஞ்சம் நிழல்.

குட்டைப் பனையாகத் தேடினேன். ஒரு மேடு, இரண்டு மேடு, மூன்று மேடு. குட்டைப் பனையே இல்லை. வெயில் ஏறியது.

"எம்மா, சொப்பனம் கிப்பனம் கண்டியா?" என்றாள் மகள்.

"வெயிலேறுனா இந்த மணல்ல கால வைக்க முடியாது மைனி. திரும்புவமா?" என்றார்கள் மைனி. திட்டியிருந்தால்கூடத் தேவலை. பாவம் என்கிற குரலில் கேட்டார்கள்.

முகம் துடைக்க அண்ணாந்த மகள் அப்படியே நின்றாள். "எம்மா... அந்தா பாரு."

இரண்டு தடவை நாங்கள் கடந்து போன நெட்டைப் பனை. உச்சியில் இரண்டு தலை. கவட்டை மாடிவீட்டு உயரத்தில் இருந்தது.

மைனி அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். "இங்கனயா உக்காந்தீங்க? ஏணி வச்சா, பறந்து போயா?" மகள் மணலில் உட்கார்ந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. மரத்தடிக்குப் போனேன். அடிமரத்து வேரெல்லாம் தரைக்கு மேலே கிழிந்த பாய் மாதிரித் தொங்கியது. தூரில் தொடங்கி கவட்டைக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் செம்மண் ஏறிய கறை.

"மைனி, மரம் ஒசரல. மண்ணு எறங்கியிருக்கு" என்றேன்.

மைனி வந்து வேரைத் தொட்டார்கள். கறையைக் கண்ணால் அளந்தார்கள். "மரம் வளந்தா நுனிதான் மேல போவும். கவட்டை இருந்த எடத்துலதான் இருக்கும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, "நீங்க சொன்னது சரிதான் மைனி" என்றார்கள். என் நோட்டில் டீச்சர் போட்ட முதல் சரி அதுதான் என்று தோன்றியது.

பனைக்குப் பின்னால், மேடு மறைத்த இடத்தில்தான் அந்தப் பள்ளம். ஐப்பசி, கார்த்திகை மழை அறுத்துக்கொண்டு போயிருந்தது. அன்று நான் பார்த்ததைவிட ஆழம். இரண்டு பக்கத்துச் சுவரும் சேலைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக இறங்கியது. மேலே மிளகாய்வற்றல் நிறம், நடுவில் செங்கல், ஈரம் காயாத அடியில் கருஞ்சிவப்பு. வெயில் உள்ளே விழுந்ததும் எங்கள் மூன்று பேர் முகமும் சிவந்துவிட்டது.

"அங்க பாறை, இங்க மண்ணு. அவ்வளவுதான்" என்ற மைனி, செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி, சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சரிவில் உட்கார்ந்தே சறுக்கினார்கள். "பைய மைனி, பைய!" என்று கத்திக்கொண்டே நானும் பின்னால் சறுக்கினேன். மேலே நின்ற மகள், "ரெண்டு பேரையும் யாரு தூக்கி விடுறது?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

கீழே கிடந்தபடியே மைனி பனையைப் பார்த்தார்கள். "புது மருமகள்லா நீங்க அப்ப? இடுப்பளவுன்னாலும் சேலை கட்டிக்கிட்டு எப்படி ஏறுனீங்க?"

நான் சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

வீட்டு வாசலில் என் வீட்டுக்காரர் காத்திருந்தார். "என்னட்டி, கண்டுபிடிச்சியா?"

நான் வாய் திறக்குமுன்னால் மைனி சொல்லிவிட்டார்கள். "பனையக் கண்டுபிடிச்சாச்சு அண்ணாச்சி. தூக்கி உக்கார வச்சது யாருன்னுதான் மைனி சொல்ல மாட்டேங்காங்க."

அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். காலையிலேயே காட்டியாகிவிட்டது.