கோதண்டத்துக்குப் போட்ட சாமியானா

உறையூரில் மாவு மில் நடத்தும் மலர்க்கொடி பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு புத்தகத்தைத் தொட்டதில்லை. போனிலேயே நாவலை வாசித்துக் காட்டுவார்கள் என்று தெரிந்ததும் இந்த வருஷம் கேட்டுத் தள்ளிவிட்டாள். ஜமீன் வீட்டுச் சமையல்காரி விஷம் வைக்கிற கதை அவளுக்கு ரொம்பப் பிடித்தது. ஏன் வைத்தாள் என்பது வரும் நேரத்தில் யாரோ மிளகாய் அரைக்க வந்துவிட்டதால், காரணம் இன்றுவரை தெரியாது. ஒரே மாப்பிள்ளைக்கு இரண்டு வீட்டில் பத்திரிகை அடித்த கதையும் பிடித்தது. ஆனால் அவளை ஆட்டிவைத்தது கோதண்டம்தான்.

கோதண்டம் முக்கொம்பில் மதகு திறந்து மூடுகிறவர். ரிட்டயர் ஆகப்போகிற சமயம் பார்த்து மார்வலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்தார். படுத்தவரை எழுதியவர் எழுப்பவே இல்லை. அத்தியாயம் அத்தியாயமாகப் படுக்கையிலேயே வைத்திருந்தார். மிஷின் இரைச்சலுக்கு இயர்போன் சரிப்படாது என்று மலர்க்கொடி ஸ்பீக்கரில் போடுவாள். அதனால் அரைக்க வருகிறவர்கள் வாளியைக் கீழே வைக்கும்போதே விசாரிப்பார்கள்.

"கோதண்டத்துக்கு இப்ப எப்படி இருக்கு?"

"கண்ணு முழிச்சாரு. பேச்சுதான் இல்ல."

பாலக்கரையிலிருந்து அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஷரபுன்னிசா கோதுமையோடு வந்தபோது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கதை காதில் விழவில்லை, விசாரிப்பு மட்டும் விழுந்தது.

"கோதண்டம் உனக்கு யாரும்மா?" என்று கேட்டார்.

மலர்க்கொடி யோசித்தாள். "சொந்தம் மாதிரிதாங்கக்கா."

அன்றிலிருந்து ஷரபுன்னிசா ஒவ்வொரு தொழுகையிலும் கோதண்டத்துக்காக துஆ கேட்டார். ஒருநாள் தூக்கு நிறையக் கஞ்சி கொண்டுவந்து, "ஆஸ்பத்திரிக்குப் போறப்ப கொடுத்துரு" என்று வைத்துவிட்டுப் போனார். கூப்பிட்டுச் சொல்வதற்குள் தெருமுனை தாண்டிவிட்டார். அந்தக் கஞ்சியை மலர்க்கொடியே குடித்தாள். குற்ற உணர்ச்சி ஒரு பக்கம் இருந்தாலும் கஞ்சி நன்றாக இருந்தது.

ஒரு வியாழக்கிழமை, யாருடைய கேழ்வரகோ பாதி அரைபட்டிருக்கும்போது, கோதண்டம் செத்துப்போனார். மலர்க்கொடி மிஷினை நிறுத்தினாள். ஷட்டரை இறக்கிவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து அழுதாள். பக்கத்துச் சாமியானாக் கடை வீரமலை ஷட்டரைத் தட்டினார்.

"என்னம்மா ஆச்சு?"

"கோதண்டம் போயிட்டாருண்ணே."

துக்கத்தில் இருக்கிறவர்களிடம் கேள்வி கேட்கக் கூடாது என்பது வீரமலையின் தொழில் தர்மம். முகத்தைக் கழுவிக்கொண்டு மலர்க்கொடி ஷட்டரைத் தூக்கியபோது தெருவை அடைத்துச் சாமியானா நின்றது. பிளாஸ்டிக் நாற்காலிகளில், கோதண்டம் என்ற பெயரை மட்டும் கேள்விப்பட்ட ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாயிற்று.

ஷரபுன்னிசா அவளைக் கட்டிக்கொண்டார். "அவருக்குப் பிள்ளைங்க?"

"ஒரே பொண்ணு. கட்டிக் கொடுத்த இடம் சரியில்ல." கேட்டதற்குப் பதில் சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம்.

நாற்காலிகள் மொத்தமும் உச்சுக் கொட்டின.

அப்போதுதான் துவாக்குடி லேத் பட்டறையில் வேலை முடிந்து அவள் புருஷன் ஜெயக்குமார் வந்து சேர்ந்தான். வீரமலை அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "மனசைத் தேத்திக்க தம்பி. கோதண்டம் தவறிட்டாரு."

ஜெயக்குமார் பையைக் கீழே வைத்தான். "யாரு சொன்னது? காலையில பஸ்ல போறப்பகூட சூப் குடிச்சாரே."

"பஸ்லயா?"

"இருபத்தெட்டாவது அத்தியாயத்துல." அவன் மலர்க்கொடி பக்கம் திரும்பினான். "நான் இன்னும் அங்க வரலையேடி. இப்படித் தெருவைக் கூட்டியா சொல்லுவ?"

பொம்பளைகள் கேட்கிற கதை என்று கேலி பண்ணியவன் திருட்டுத்தனமாகக் கேட்டுவந்தது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன் போட்ட சத்தத்தில் கோதண்டம் கதையில் வருகிற ஆள் என்பது நாற்காலிகளுக்கும் தெரிந்துபோனது.

"ஐஸ் பெட்டி கிளம்பிருச்சேம்மா" என்றார் வீரமலை.

ஷரபுன்னிசா மலர்க்கொடியின் தோளிலிருந்து கையை எடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப நான் கேட்ட துஆ?"

"அதனாலதாங்கக்கா இத்தனை அத்தியாயம் இருந்தாரு."

ஷரபுன்னிசாவுக்கு அது நியாயமாகப் பட்டது. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். "எப்படிப் போனாருன்னு தெரியாம நான் எழுந்திரிக்க மாட்டேன். போடு."

ஜெயக்குமார் விட்ட இடத்திலிருந்தே போட்டார்கள். வீரமலை தன் கடைப் பெரிய ஸ்பீக்கரைத் தூக்கிவந்தார். நடுவில் ஐஸ் பெட்டி வண்டி வந்து நின்றது. டிரைவர் டோனி இன்ஜினை அணைத்துவிட்டு, பெட்டியை இறக்குவதா வேண்டாமா என்று சைகையில் கேட்டான். யாரும் திரும்பிப் பார்க்காததால் அவனும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

கோதண்டம் இரண்டாம் தடவை செத்தார். ஜெயக்குமார் தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். ஷரபுன்னிசா இன்னாலில்லாஹி சொன்னார்.

"சரி, ஆத்துல தண்ணி வந்தா மதகை இனிமே யாரு திறப்பா?" என்று கேட்டான் டோனி.

அது மலர்க்கொடிக்கும் தெரியாது. கடைசி அத்தியாயத்தை அவளே இன்னும் கேட்கவில்லை. எல்லோரும் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொண்டார்கள்.