இன்டர்காமில் ஓடிய விசிறி

மராத்தி ஊரான வாகட்டில் எங்கள் குடியிருப்புக்கு ஒரு தமிழர் வாட்ச்மேனாக இருந்தார். கோடையிலும் காக்கிச் சட்டையின் கழுத்துப் பித்தானைப் போட்டிருப்பார். ஊரோடு சுத்தமான மராத்தி பேசுபவர், என்னிடம் மட்டும் தமிழ் பேசுவார்.

அவருடைய கேபினில் பிளக் பாயின்ட் கிடையாது, இன்டர்காம் மட்டுந்தான். ஒருநாள் எனக்கு வந்த கூரியரைக் கொடுக்க வந்த அவர், என் வீட்டு இன்டர்காமிலிருந்து ஒயர் இழுத்து நான் எரியவிட்டிருந்த குட்டி விளக்கைப் பார்த்தார்.

"இந்தக் கரன்ட்டு சின்ன ஃபேனுக்குத் தாங்குமா சார்?"

"தாராளமா தாங்கும்" என்று பழைய கம்ப்யூட்டர் விசிறி ஒன்றையும் கொடுத்தேன்.

மறுவாரம் எல்லார் வீட்டு இன்டர்காமிலும் பேச்சுக்கு மேலே இரைச்சல். குடியிருப்புச் சொசைட்டிக் கூட்டத்தில் செயலாளர் வாட்ச்மேனை நிற்கவைத்து, அந்த விசிறியை மேசையில் வீசினார். எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் என்று என்னைக் கேட்டார்கள். "லைனில் கரன்ட் திருடினால் இப்படித்தான் இரையும்" என்று இந்தியில் விளக்கினேன். அங்கேயே அவரை வேலையை விட்டு நீக்கினார்கள்.

அவர் என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார்: "உங்க வெளக்கு நல்லா எரியுதா சார்?"

என்ன சொல்கிறான் என்றார் செயலாளர்.

"மன்னிப்புக் கேட்கிறான்" என்றேன்.

நான் சொன்ன அந்த இந்தியும் வாட்ச்மேனுக்குப் புரிந்தது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போனார். என்னை மாட்டிவிட ஒரு வரி மராத்தி போதும். அந்த மனிதர் ஏன் தமிழில் கேட்டார்?