எண்ணூர்க் கடலில் ஒரு வவ்வால்

ராயபுரம் ரயில் நிலைய நடைமேடையில், மஞ்சள் கோட்டுக்குச் சற்று உள்ளே நின்று, சில்வியா கால் மாற்றிக்கொண்டிருக்கிறாள். முன்னால் இருந்த இடது கால் பின்னால் போகிறது. வலது கால் அது விட்ட இடத்துக்கு வருகிறது. அதே நேரத்தில் இரண்டு கைகளும் தலைக்கு மேலே எதையோ தூக்கி, பிடி மாற்றி, மறுபக்கம் இறக்குகின்றன. கையில் ஒன்றும் இல்லை. பெஞ்சில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாள் தன் கூடையை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்கிறாள். கும்மிடிப்பூண்டி வண்டி வந்து நிற்கிறது. சில்வியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எதுவும் நடக்காதது போலப் பெண்கள் பெட்டியில் ஏறுகிறாள்.

வயது முப்பத்தெட்டு. குள்ளமான உருவம், அகன்ற தோள், முழங்காலில் ஆறுவதற்குள் புதிதாக வந்து சேரும் கன்றல்கள். வள்ளூர்ப் பக்கத்து அனல்மின் நிலையத்தில் கருவிகள் பிரிவுப் பொறியாளர். எந்தக் கருவியின் முகத்தைப் பார்த்தாலும் முதலில் நகத்தால் ஒரு தட்டு தட்டுவாள். முள் அசைந்து மறுபடி அதே இடத்தில் நின்றால்தான் நம்புவாள். டீக்கடைச் சுவரில் இருக்கும் கடிகாரத்தைக்கூட அப்படித் தட்டியிருக்கிறாள்.

அலுவலகத்தில் புதிதாக வந்த ஒருவர், "மேடம், நீங்க ஏன் இப்படிப் பேசறீங்க?" என்று கேட்டாராம். "எப்டி? ஆபீசுக்கு ஒரு வாய், கடக்கரைக்கு ஒரு வாய்னு எங்கிட்ட ரெண்டு கெடையாது சார். ஒண்ணு தான் கீது" என்றாள்.

விடுமுறை நாட்களில் அவள் எண்ணூரில் இறங்கிவிடுவாள். அங்கே ஒரு மீனவர் குப்பத்தின் வலைக்கொட்டகையில் அவளுடைய பலகை இருக்கிறது. பலகைக்கு அடியில் ஆள் மார்பளவு நீளத்துக்கு ஒரு தண்டு. தண்டின் முனையில் சின்ன விமான இறக்கை போல ஒரு தகடு. வேகம் கிடைத்தால் அந்தத் தகடு நீருக்குள்ளேயே பறக்க, பலகை நீரை விட்டு மேலே எழும்பிவிடும். வேகத்தைக் கொடுப்பது கையில் பிடிக்கும் காற்றடைத்த இறக்கை. கயிறு கிடையாது, பாய்மரம் கிடையாது. ஊர் உலகத்தில் அதை விங் ஃபாயிலிங் என்கிறார்கள். குப்பத்தில் வவ்வால். அவளுக்கும் அதே பெயர்தான்.

"வவ்வாலு வந்துச்சு, வவ்வாலு வந்துச்சு" என்பாள் கெங்கம்மா, கருவாட்டைப் புரட்டியபடி. அவள் கருவாடு காயவைப்பது தூண்டில் வளைவின் கற்கள் மேலே. அலை கரையை அரிக்காமலிருக்கக் கடலுக்குள் நீட்டிக் கொட்டிய கல்வரிசைகளுக்குத்தான் அந்தப் பெயர். வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ள திறப்பு வழியாகத்தான் படகுகள் போய் வரும். அதை வாய் என்பார்கள்.

"இன்னாமே, இன்னிக்கு எத்தினி தபா குளிக்கப் போற?"

"நீ எண்ணு, நான் குளிக்கறேன்."

"எனக்கு வேற வேல கீது."

வேலை இருந்தாலும் பார்ப்பாள். குப்பமே பார்க்கும். பார்ப்பதற்கு நிறைய இருந்தது. நேராகப் போவது சில்வியாவுக்கு எப்போதோ கைவந்துவிட்டது. சறுக்கியது திரும்புவதில்தான். கரைக்காற்று மேற்கிலிருந்து வரும்போது அவள் வடக்கு நோக்கிப் போனால் காற்று இடது பக்கம். வளைந்து திரும்பித் தெற்கே வந்தால் அதே காற்று வலது பக்கம் ஆகிவிடும். ஆகவே பாதி வளைவில் இறக்கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கை மாற்ற வேண்டும், கால் மாற்ற வேண்டும், பலகை நீரில் இறங்கிவிடாமல் வேகத்தைக் காக்க வேண்டும். மூன்றையும் ஒரே மூச்சில். ஒன்று பிந்தினாலும் குளியல்தான்.

அதற்கு நிலையான காற்று வேண்டும். அவளுக்குக் கிடைத்ததோ நேர் எதிர். விடிவதற்கு முன் போன படகுகள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு, சாயங்கால வலைக்கு முன்னால்தான் கடல் அவளுக்கு. குப்பம் விட்டுக்கொடுத்த நேரம் அது. ஜூன் மாதத்தில் காற்றுக்கும் அதுதான் ஷிப்ட் மாறும் நேரம். காலையெல்லாம் அனலாக அடித்த கரைக்காற்று ஓயும். கடற்காற்று வரலாமா வேண்டாமா என்று எட்டிப் பார்க்கும். ஒரு நிமிடம் முதுகில் குத்தும், அடுத்த நிமிடம் முகத்தில் அறையும், நடுவில் செத்துப்போகும். வேறு யாராயிருந்தாலும் கோவளத்துக்கோ ராமேஸ்வரத்துக்கோ போயிருப்பார்கள். சில்வியாவுக்கு அந்தச் சண்டைதான் பிடித்தது. கண் பளபளக்கப் பேசுவாள். "ஒயுங்கா அடிக்கிற காத்துல எவன் வேணா திரும்புவான்கா."

ஏன் இந்தப் பாடு என்று கெங்கம்மா ஒரு நாள் நேராகவே கேட்டாள். சில்வியா கல்லின் மேல் உட்கார்ந்து காதிலிருந்து தண்ணீரைத் தட்டிக்கொண்டிருந்தாள். போன டிசம்பரில் அவளுடைய அப்பா லியோனார்ட் இறந்துபோனார். துறைமுகச் சரக்கு ரயிலில் கார்டாக இருந்தவர். வீட்டில் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான். அந்தச் சாவைப் பற்றி அவள் யாரிடமும் சொல்வது இவ்வளவே: "கூடதான் இருந்தேன். போய்ட்டாரு."

கெங்கம்மாவிடம் மட்டும் கொஞ்சம் அதிகம் சொன்னாள். "திரும்பும்போது தலைல ஒண்ணுமே இருக்காதுக்கா. காத்து, கை, காலு. அவ்ளோதான். அப்பாகூட இருக்க மாட்டாரு."

கெங்கம்மா ஒரு மீனைப் புரட்டினாள். "திரும்பினப்பறம்?"

"அப்பறம் வந்துருவாரு."

உறவினர்களுக்கு இது புரியவில்லை. ஒரு ஞாயிறு, பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் அத்தை டெபோரா அவளைப் பிடித்துக்கொண்டார். "அப்பன் போயி வருசம் முழுசா ஆவல. கருப்பு கட்டிகினு வூட்ல இருக்காம கடல்ல கூத்தடிக்கறியாமே. நாலு பேரு எங்கிட்ட வந்து கேக்கறாங்கடி."

சில்வியா சுடிதாரின் கழுத்தை விரலால் இழுத்துக் காட்டினாள். உள்ளே கழுத்து வரை மூடிய கருப்பு நீச்சல் சட்டை. "கருப்புதான் அத்தை போட்டுனு போறேன்."

அத்தைக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. தலையில் ஒரு குட்டு வைத்து அனுப்பினார்.

ஆனால் குட்டோடு முடியாத விவகாரம் ஒன்று கரையில் காத்திருந்தது. குப்பத்தில் குணசேகரன் என்றொருவர். ஃபைபர் படகு வைத்திருக்கிறார். பதவி எதுவும் இல்லை, சொன்னால் கரையில் கேட்பார்கள். சில்வியாவுக்காக அவர் இரண்டு முறை படகு இறக்க நேர்ந்தது. முதல் முறை, கரைக்காற்றில் விழுந்தவள் எழ முடியாமல் கடலுக்குள் அடித்துக்கொண்டு போனாள். அடுத்த முறை நடந்ததுதான் அவளால் மறக்க முடியாதது.

கடலில் நின்று பார்த்தால் அவள் வேலை செய்யும் இடத்தின் புகைபோக்கிகள் தெரியும். அவற்றில் ஒன்றின் மேல்தளத்தில் உள்ள காற்றுமானி அவள் பொறுப்பு. ஆகவே அவள் புகையைப் பார்த்தே காற்றைத் தெரிந்துகொள்வாள். புகை கடல் பக்கம் சாய்ந்தால் கரைக்காற்று, ஊர் பக்கம் சாய்ந்தால் கடற்காற்று. அன்றைக்குப் புகை கடல் பக்கம் சாய்ந்திருந்தது. கரைக்காற்றுதான் என்று நம்பி, பாடம் செய்தபடி வளைந்து கை மாற்றினாள். கடற்காற்று அதற்குள் தண்ணீரை ஒட்டியே நுழைந்திருந்தது. புகைபோக்கியின் உயரத்துக்கு அது இன்னும் ஏறவில்லை. மாற்றிய கைக்கு எதிர்ப்பக்கம் அறை விழுந்தது. இறக்கையும் பலகையும் அவளுமாக வாயை அடைத்துக்கொண்டு தூண்டில் வளைவின் முனைக் கல்லில் போய் ஒட்டிக்கொண்டார்கள். பின்னால் தாமதமாக மீனோடு வந்த படகு ஒன்று உள்ளே வர வழியில்லாமல் அலையில் அல்லாடியது.

கருவி பொய் சொல்லவில்லை. கேட்ட இடம்தான் தப்பு. கருவிகளோடே பிழைப்பு நடத்துகிற ஒருத்தி செய்யும் தவறு அது. அன்றிலிருந்து தொப்பியின் முனையைப் புருவம் வரை இறக்கிக்கொள்கிறாள், புகைபோக்கிகள் கண்ணில் படாதபடி. தண்ணீரை மட்டும் பார்க்கிறாள். காற்று வரும் இடம் கருக்கும், ஓயும் இடம் கண்ணாடி மாதிரி மினுங்கும்.

குணசேகரன் கத்தவில்லை. அவளுடைய பலகையைக் கல்லிலிருந்து தூக்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இந்தா பாரு சில்வியா. வாய்ல சரக்கோட வர்ற போட்டுதான் மொதல்ல. காலி போட்டு வெளிய சுத்திகினு நிக்கும். எங்க தாத்தன் காலத்துலருந்து அதான். நீயும் வெளிய சுத்திகினு நின்னா, நீ ஒரு போட்டு. எனக்கு ஒண்ணும் இல்ல. வுழுந்து மெதந்துகினு கெடந்தா நீ கட்டை. கட்டைய நாங்க வாய்ல வுட மாட்டோம்."

"இன்னொரு தபா வுழுந்தா?"

"பலகைய எட்த்துனு போய்டு. வருத்தமாதான் இருக்கும். எட்த்துனு போய்டு."

நியாயம் அவர் பக்கம் என்பது அவளுக்குத் தெரியும். வேறு கரையில் இப்படி இடம் தருபவர்கள் இல்லை என்பதும் தெரியும். நடைமேடைப் பயிற்சி அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

போன ஞாயிறு வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. படகுகள் எல்லாம் வந்தாகிவிட்டன, குணசேகரனுடையது தவிர. வலை எங்கோ சிக்கித் தாமதம் என்றார்கள். சில்வியா இறங்கினாள். இறக்கை நிறைந்தது, பலகை எழும்பியது, அலைச்சத்தம் அறுந்துபோனது. பலகை மேலே எழும்பியதும் வரும் அந்த அமைதியைப் பற்றி அவள் ஓயாமல் பேசுவாள். தண்டு நீரைக் கிழிக்கும் மெல்லிய ரீங்காரம் மட்டும். வாய்க்கு வெளியே தெற்கிலிருந்து வடக்கே போனாள். முதல் திருப்பம், விழவில்லை. தெற்கு முனையில் இன்னொன்று, அதிலும் விழவில்லை. மறுபடி வடக்கே. கரையில் யாரோ விசில் அடித்தார்கள்.

அப்போதுதான் எஞ்சின் சத்தம் கேட்டது. குணசேகரனின் படகு, சரக்குப் பாரத்தில் விளிம்பு வரை தாழ்ந்து, நேராக வாயை நோக்கி வந்துகொண்டிருந்தது. சில்வியா அப்போது வாய்க்கு நேர் எதிரில். முன்னால் வடக்குத் தூண்டில் வளைவின் கற்கள். நிறுத்த முடியாது, நிறுத்தினால் மிதக்க வேண்டும். திரும்பியே ஆக வேண்டும்.

கல்லின் மேல் கெங்கம்மா எழுந்து நின்றாள். "போச்சுடா" என்றாள் யாரிடம் என்று இல்லாமல்.

சில்வியா கடல் பக்கம் சாய்ந்து வளைய ஆரம்பித்தாள். பலகையின் மூக்கு கிழக்கே திரும்பியபோது அதைப் பார்த்தாள். சற்றுத் தொலைவில், வடக்கு தெற்காக நீண்ட ஒரு கருப்புக் கோடு, அவளை நோக்கி நகர்ந்து வந்தது. கடற்காற்று. அதற்கும் அவளுக்கும் நடுவில் கண்ணாடி போல் மினுங்கும் தண்ணீர். முதுகுக் காற்று நின்றுவிட்டது. இறக்கை தொளதொளத்தது. கைகள் பழக்கத்தில் பிடி மாற்றத் தயாராகிவிட்டன. ராயபுரத்தில், சமையலறையில், வேலை இடைவேளையில், எத்தனையோ முறை செய்தது. இடது கால் பின்வாங்க அசைந்தே விட்டது.

அவள் அதை நிறுத்தினாள்.

வடக்கே போகையில் மேற்குக் காற்று இடது பக்கம். இனி தெற்கே போகையில் கிழக்குக் காற்று. அதுவும் இடது பக்கம்தான். காற்றும் திரும்புகிறது, அவளும் திரும்புகிறாள். எதையும் மாற்ற வேண்டாம். அந்தக் கண்ணாடியைத் தாண்டினால் போதும்.

இறக்கையைத் தலைக்கு மேலே வெறும் குடை போலப் பிடித்துக்கொண்டாள். வேகம் செத்துவிடாமலிருக்கக் காலால் பலகையை அழுத்தி விட்டாள், அழுத்தி விட்டாள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் பலகை இறங்கி இறங்கி ஏறியது. ஒரு முறை அடிப்பாகம் நீரைத் தொட்டுச் சப்பென்று ஒரு சத்தம். கரையில் "வுழுந்துச்சு" என்ற குரல். விழவில்லை. மூக்கு தெற்கே வந்தது. கருப்புக் கோடு அவள் இடது தோளைத் தொட்டது. உப்பும் குளிர்ச்சியுமாகக் காற்று புகுந்ததும் இறக்கை 'டப்' என்று விறைத்தது. கைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. பலகை எழும்பிப் பாய்ந்தது.

படகில் குணசேகரன் எஞ்சினைத் தணித்துவிட்டு, ஒரு கையில் கயிற்றுச் சுருளோடு எழுந்து நின்றிருந்தார், வீசத் தயாராக. "இன்னாமே பண்ண?" என்று கேட்டார். கேட்டது அவளுக்குக் கேட்டிருக்காது.

தெற்கே வாயைக் கடந்து போனவள் அங்கேயும் ஒரு முறை வளைந்தாள். இந்தக் காற்று சீராக இருந்தது, கை மாறியது, கால் மாறியது, தலை முடி இன்னும் காய்ந்தே இருந்தது. படகுக்கு வெளியே கடல் பக்கமாகச் சுற்றி வந்தாள். குணசேகரனுக்கு நேராக வந்ததும் ஒரு கையை இறக்கையிலிருந்து எடுத்தாள். உள்ளங்கையைக் கரைப்பக்கம் வீசி, வாயைக் காட்டினாள், நீ போ என்று.