கையை எடுக்கத் தைரியம் தந்தான் சுவாமிநாதன்

அன்று காலை ஆறு இருபது. குளியலறையிலிருந்து என் மகன் கார்த்தி, "அம்மா, எழுந்திருக்க முடியல" என்றான். குளிக்க உட்கார்ந்த முக்காலியிலிருந்து இருபத்து நான்கு வயதுப் பிள்ளையால் எழ முடியவில்லை. நானும் அவன் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். என் கைக்கு எலும்புதான் தட்டுப்பட்டது.

நிணநீர்ப் புற்றுநோய்க்காகத் தஞ்சாவூரில் அவனுக்கு மருந்து ஏற்றி வந்தார்கள். கட்டி சுருங்கி வருகிறது என்றுதான் சொல்லியிருந்தார்கள். அப்படியிருக்க, பிள்ளை ஏன் இப்படி உருகுகிறான்? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அன்றே டாக்டரிடம் கூட்டிப்போனோம். "வீட்ல என்னம்மா செய்யிறான்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் செய்ய விடுறதில்ல டாக்டர். பச்சை உடம்பாச்சே."

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவள். ஆனாலும் எங்கள் வலங்கைமான் பக்கத்தில் பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்வது போலத்தான் அவனைப் பார்த்துக்கொண்டேன். தண்ணீர்கூடப் படுக்கைக்கே போகும். "எனக்கென்ன பிரசவமா ஆயிருக்கு?" என்று அவன் கேலி செய்வான். நான் விடமாட்டேன்.

டாக்டர் கோபப்படவில்லை. "நோயும் மருந்துமே சதையைக் கரைக்கும்மா. படுத்தே கிடந்தா இன்னும் வேகமாக் கரையும். முட்டை, பருப்பு நிறையக் குடுங்க. முடிஞ்ச அளவு நடக்கட்டும், உட்கார்ந்து எழட்டும். இப்படியே இளைச்சா அடுத்த மருந்தைத் தள்ளிப்போட வேண்டி வரும்" என்றார். பயிற்சி தரும் பெண் ஒருவர் என்னென்ன செய்யலாம் என்று காட்டிக்கொடுத்தார்.

திரும்பும் வழியில் சுவாமிமலையில் இறங்கினேன். இத்தனை நாளும் சுவாமிநாதனிடம், 'என் பிள்ளையை என் கையில் கொடு' என்றே கேட்டிருந்தேன். அன்று அது வாயில் வரவில்லை. 'அவனை விடத் தெரியவில்லை முருகா. விழுந்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. நீ பிடித்துக்கொள்' என்று மட்டும் சொல்லி அழுதேன்.

மறுநாள் நாற்காலியிலிருந்து எழ முயன்றான். கால் நடுங்கியது. மற்ற நாளாக இருந்தால் என் கை தானாக நீண்டிருக்கும். அன்று நீளவில்லை. அந்த நிதானம் என்னுடையது அல்ல. இதை எங்கே கேட்டாலும் சொல்வேன். கார்த்தி எழுந்து நின்றான். நின்று என்னைப் பார்த்துச் சிரித்தான்.

பிறகு வாய்க்கால் ரோட்டில் நடை, அப்பா வயலுக்குப் போகும்போது கூடவே. சில நாள் வாந்தி எடுத்துச் சுருண்டுவிடுவான்; அன்று நடையே கிடையாது.

"நம்ம பழைய டிராக்டரே உனக்கு முன்னாடி ஸ்டார்ட் ஆயிடும்டா" என்பார் அவர்.

"அதுக்கு டீசல் ஊத்துறீங்க. எனக்கு வெறும் முட்டைதானேப்பா" என்பான் இவன்.

சிகிச்சை இன்னும் முடியவில்லை. என் பயமும் முழுதாகப் போகவில்லை. பயந்தபடியே சுவாமிநாதனிடம் ஒப்படைக்கப் பழகியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை படுத்திருந்தால் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். விட மனம் வராத கையை முருகனிடம் நீட்டுங்கள். எனக்குச் செவி கொடுத்தவன் உங்களைக் கைவிடமாட்டான்.

டாக்டர் சொன்ன அந்த அடுத்த மருந்துக்கான நாளில் கார்த்தி சக்கர நாற்காலி வேண்டாமென்று சொல்லித் தனியாக உள்ளே நடந்து போனான். பரிசோதித்துப் பார்த்துத்தான் மருந்து ஏற்றுவதா, தள்ளிப்போடுவதா என்று சொல்வார்கள். நான் வெளியே பெஞ்சில் முருகன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் வேறு யாரோ வந்தார்கள். கடைசியில் அவன் வந்தான். மெதுவாக, எதையும் பிடிக்காமல்.

"இன்னிக்கே மருந்து ஏத்துறாங்களாம்மா. அதுக்கு முன்னாடி ஏதாவது குடு, பசிக்குது."